பசுங்கணிகத்தின் பூர்வீகம்

மாலையில் மலரும் அந்திமந்தாரைச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு வகையில் இலைகள் பச்சையும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்து காணப்படும். சில கிளைகள் முழுப் பச்சையாகவும், சில முழு வெள்ளையாகவும் இருக்கும். ஜெர்மன் தாவரவியல் அறிஞர் கார்ல் காரென்ஸ் இச்செடியில் கலப்புச் சோதனைகள் செய்து, 1909-ஆம் ஆண்டில் ஒரு விந்தையான முடிவை வெளியிட்டார். பச்சைக் கிளையின் பூக்கள் தந்த விதைகளிலிருந்து பச்சை நாற்றுகளே முளைத்தன. வெள்ளைக் கிளையின் விதைகளிலிருந்து வெள்ளை நாற்றுகளே முளைத்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை!

மெண்டலின் விதிப்படி தாய்க்கும் தந்தைக்கும் சம பங்கு இருக்க வேண்டும் அல்லவா? இங்கே தாயின் பங்கு மட்டுமே செல்லுபடியாயிற்று. அப்படியானால், பரம்பரைச் செய்தி செல்லின் உட்கருவுக்கு வெளியேயும் இருக்கிறது என்றுதானே பொருள்? சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பச்சைத் துணுக்குகளான பசுங்கணிகங்களே அச்செய்தியைத் தாங்குகின்றன என்று, அதே ஆண்டில் எர்வின் பௌர் விளக்கம் தந்தார்.

பசுங்கணிகத்துக்குத் தனிப் பரம்பரை எப்படி வந்தது? இதற்கு ரஷ்ய அறிஞர் கான்ஸ்டன்டின் மெரெஷ்கோவ்ஸ்கி 1905-லேயே ஒரு விடை கூறியிருந்தார். பசுங்கணிகம் செல்லுக்குள் புதிதாக உண்டாவதில்லை. முன்பிருந்த ஒன்று பிளந்துதான் மற்றொன்று தோன்றுகிறது. தோற்றத்திலும் தொழிலிலும் அது நீலப்பசும் பாசியை, அதாவது இன்று சயனோபாக்டீரியா என நாம் அழைக்கும் உயிரியை, ஒத்திருக்கிறது. ஆகவே, ஆதியில் வேறொரு செல்லுக்குள் குடிபுகுந்த பாசியின் வழித்தோன்றலே பசுங்கணிகம் என்றார் அவர்.

இக்கருத்தை அறிவுலகம் நெடுங்காலம் ஏற்கவில்லை. பலர் இதை வெறும் கற்பனை என்றே ஒதுக்கினார்கள். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இதில் வியப்பில்லை. சோதித்துப் பார்க்க வழியில்லாத கருத்து, உண்மையாகவே இருந்தாலும், காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருப்பு வீண்போகவில்லை. 1962-இல் அமெரிக்காவில் ஹான்ஸ் ரிஸ், வால்டர் பிளாட் ஆகிய இருவரும் கிளாமிடோமோனாஸ் என்னும் பச்சைப் பாசியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்கள். அதன் பசுங்கணிகத்தில் மெல்லிய இழைகள் தெரிந்தன. டி.என்.ஏ.வைச் சிதைக்கும் என்சைமைச் சேர்த்ததும் அவை மறைந்தன. பசுங்கணிகத்துக்குச் சொந்தமாக டி.என்.ஏ. உண்டு என்பது புலனாயிற்று. 1967-இல் லின் மார்குலிஸ் பழைய கருத்துக்குப் புத்துயிர் தந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதற்கு முன் ஏறத்தாழ 15 இதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன!

உறவை நிலைநாட்ட இரு தரப்பு வாசகங்களையும் ஒப்பிட்டாக வேண்டும். 1975-இல் கனடாவின் லிண்டா போனன், ஃபோர்ட் டூலிட்டில் ஆகியோர் ஒரு சிவப்புப் பாசியை ஆராய்ந்தார்கள். அதன் பசுங்கணிகத்தில் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ., அதே செல்லின் உட்கருவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை ஒத்திருக்கவில்லை, பாக்டீரியாக்களின் ஆர்.என்.ஏ.வையே ஒத்திருந்தது. வீட்டில் இருப்பவர் வெளியூர்க்காரர் என்பது அவர் பேச்சிலேயே தெரிந்துவிட்டது!

1986-இல் ஜப்பானில் நகோயாவைச் சேர்ந்த குழு புகையிலையின் பசுங்கணிக டி.என்.ஏ.வையும், கியோட்டோவைச் சேர்ந்த குழு மார்க்கான்ஷியா என்னும் ஈரற்செடியின் டி.என்.ஏ.வையும் முழுமையாகப் படித்து முடித்தன. புகையிலையில் ஏறத்தாழ 1,56,000 எழுத்து இணைகள் இருந்தன, ஈரற்செடியில் 1,21,000. வட்டமாக வரையப்படும் புகையிலையின் வரைபடத்தில், பெரிய பகுதி ஒன்றும் சிறிய பகுதி ஒன்றும் உள்ளன. அவற்றுக்கு இடையே ஏறத்தாழ 25,000 இணைகள் கொண்ட ஒரே வாசகம், எதிரெதிர்த் திசைகளில் இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. நாம் உண்ணும் பட்டாணியிலும் கொண்டைக்கடலையிலும் இவ்விரு பிரதிகளில் ஒன்று இல்லை. அதை இழந்த ஒரு பொது மூதாதையிடமிருந்து வந்தவை அவை.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. 1996-இல் படிக்கப்பட்ட ஒரு சயனோபாக்டீரியத்தில் 3,000-க்கும் மேற்பட்ட ஜீன்கள் உள்ளன. புகையிலையின் பசுங்கணிகத்திலோ நூற்றுச் சொச்சமே. மற்றவை எங்கே போயின? பல அழிந்துபோயின, பல உட்கருவுக்குக் குடிபெயர்ந்தன. இதை ஊகமாக விட்டுவிடவில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், உட்கருவுக்குள் போனால் மட்டுமே வேலை செய்யும் ஒரு ஜீனைப் புகையிலையின் பசுங்கணிகத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 16,000 மகரந்தத் துகள்களுக்கு ஒன்றில் அது உட்கருவுக்குள் புகுந்திருந்தது என்று 2003-இல் அறிவித்தார்கள். அந்தக் குடிபெயர்ச்சி இன்றும் நடக்கிறது!

இதனால் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? மலேரியாக் கிருமிக்குள்ளும் ஒரு கணிகம் இருக்கிறது. அதன் மூதாதை ஒரு பாசியிடமிருந்து பெற்றது அது. பச்சையம் மறைந்துவிட்டது, ஏறத்தாழ 35,000 இணைகள் கொண்ட சிறு டி.என்.ஏ. வட்டம் எஞ்சியிருக்கிறது. பாக்டீரியாவின் வழிவந்த உறுப்பானதால், பாக்டீரியாவுக்கு எதிரான டாக்ஸிசைக்ளின் மருந்து அதன் வேலையைக் கெடுக்கிறது. மலேரியாவைத் தடுக்க அம்மருந்து உதவுவதன் இரகசியம் இதுதான்.

1905-இல் பலர் கற்பனை என ஒதுக்கிய கருத்து, இன்று நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கிறது. அடுத்த முறை ஒரு பச்சை இலையைக் கையில் எடுக்கும்போது, அதற்குள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே குடிவந்தவர்கள் இருப்பதை எண்ணிப் பாருங்கள்.