குற்றவாளிக் கூண்டும் பஞ்சாலையும்: ‘மதாம் பொவாரி’யின் வாசகர்கள்

ஒரு நாவலை அது வெளிவந்த காலத்து மனிதர்கள் எப்படி வாசித்தார்கள் என்று அறிய நமக்குப் பெரும்பாலும் வழியில்லை. மதிப்புரைகள் கிடைக்கும். ஆனால் மதிப்புரை எழுதுகிறவர் வாசகர் என்பதைவிட இன்னொரு எழுத்தாளர். காசு கொடுத்து வாங்கி, ராத்திரியில் விளக்கடியில் வாசித்து, அழுது, எரிச்சலாகிப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டவர்கள் எதையும் எழுதிவைப்பதில்லை. ஃப்ளாபேரின் ‘மதாம் பொவாரி’ இதற்கு ஒரு விதிவிலக்கு. உபயம், அரசாங்கம். நாவலின் மேல் அது வழக்குப் போட்டது. வழக்கு என்று வந்துவிட்டால், புத்தகத்தில் என்ன இருக்கிறது, யார் வாசிப்பார்கள், வாசித்தால் என்ன ஆவார்கள் என்று ஆளாளுக்கு வாய் திறந்து சொல்லியாக வேண்டும். ஃப்ளாபேர் தன் சொந்தச் செலவில் சுருக்கெழுத்தாளர் ஒருவரை வைத்து அதையெல்லாம் எழுதி எடுத்தார். 1873 பதிப்பில் நாவலோடு சேர்த்தே அச்சிட்டார். ஆகவே நம்மிடம் இருப்பது பிரதி மட்டுமல்ல. பிரதியோடு சேர்த்துத் தைக்கப்பட்ட அதன் வாசிப்பும்தான்.

கதை பலருக்குத் தெரிந்ததே. நார்மண்டியில் ஒரு விவசாயியின் மகள் எம்மா. கன்னிமாடத்தில் படித்தவள், கதைப்புத்தகங்களில் ஊறியவள். ஷார்ல் பொவாரி என்ற சாதாரணக் கிராமத்து வைத்தியனுக்கு வாழ்க்கைப்படுகிறாள். சலிப்பு. முதலில் ரொதோல்ஃப், பிறகு லெயோன் என்று இரண்டு உறவுகள். அதோடு கடன், துணி வியாபாரி நீட்டிய நோட்டுகளிலெல்லாம் கையெழுத்துப் போட்டு, கடைசியில் வீட்டுச் சாமான்களுக்கு ஜப்தி வருகிறது. ஆர்சனிக்கைத் தின்று சாகிறாள். ஷார்ல் அவளுடைய காதல் கடிதங்களைக் கண்டெடுக்கிறான். கொஞ்ச நாளில் அவனும் போய்ச்சேர்கிறான். இவர்களுக்கு ஒரு பெண் குழந்தை, பெயர் பெர்த். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1856 அக்டோபர் 1 முதல் டிசம்பர் 15 வரை ‘ரெவ்யூ த பாரி’ இதழில் ஆறு பகுதிகளாக நாவல் வந்தது. பத்திரிகைக்காரர்களே பயந்துபோய்ச் சில இடங்களை வெட்டினார்கள். மூடிய வண்டிக்குள் எம்மாவும் லெயோனும் ரூவான் நகரத்தைச் சுற்றிச்சுற்றி வரும் பகுதி அப்படிப் போனது. வெட்டியும் பயனில்லை. 1857 ஜனவரி 29-இல் பொது ஒழுக்கத்தையும் மதத்தையும் அவமதித்ததாக எழுத்தாளர், இதழின் பொறுப்பாளர், அச்சிட்டவர் என்று மூன்று பேரையும் கூண்டில் நிறுத்தினார்கள். அரசு வழக்கறிஞர் எர்னெஸ்ட் பினார்.

பினாரை ஒரு மடையன் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது இலக்கியவாதிகளின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த ஆள் நாவலை நன்றாகவே வாசித்திருக்கிறார். இந்த நாவலில் எம்மாவைக் கண்டிக்கத் தகுதியான ஒரு ஆள்கூட இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். புருஷன் அவள் செத்த பிறகும் அவளைக் காதலித்துக்கொண்டிருக்கிறான், பாதிரியார் ஒன்றும் விளங்காதவர், மருந்துக்கடைக்காரர் ஓமே ஒரு வாயாடி. அப்படியானால் தீர்ப்புச் சொல்வது யார்? அதிகாரத்துக்கு இதைவிட அச்சம் தரும் கேள்வி கிடையாது. கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967-இல் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் ஆற்றிய உரை, நம்மூர் சிறுபத்திரிகைகளும் ‘ஏற்புக் கோட்பாடு’ என்று பேசியிருக்கும் விஷயத்தின் தொடக்கங்களில் ஒன்று. அதில் அவர் இந்த வழக்கைத்தான் எடுத்துக்கொள்கிறார். ரொதோல்ஃபோடு போய்வந்த பின் எம்மா கண்ணாடி முன் நின்று பூரிக்கிற இடத்தை, ஆசிரியரே சோரத்துக்குப் பாடும் பாராட்டாகப் பினார் எடுத்துக்கொண்டார். சொல்பவனின் குரலும் பாத்திரத்தின் எண்ணமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும் அந்த நடை அன்றைய வாசகனுக்குப் புதிது. அவனுடைய எதிர்பார்ப்பின் எல்லைக்கோட்டை அது கலைத்துப்போட்டது என்கிறார் யாவுஸ். நல்ல விளக்கம்தான். ஆனால் யாவுஸின் ‘வாசகர்’ யார்? ஆணா, பெண்ணா, எந்த வர்க்கம்? அங்கே அவர் மௌனம். பினார் மௌனம் சாதிக்கவில்லை. இந்தப் புத்தகத்தை வாசிக்கப்போகிறவர்கள் பொருளாதாரம் பேசும் ஆண்கள் இல்லை, இளம்பெண்களும் கல்யாணமான பெண்களும்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார். வழக்கே அதற்காகத்தான்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் செனார் 1848 குடியரசில் அமைச்சராக இருந்தவர், பெரிய மனிதர். அவர் என்ன செய்தார்? வாசிக்கும் பெண்ணின் உரிமை என்று ஒரு வார்த்தை பேசினாரா? இல்லை. தகுதிக்கு மீறிய படிப்பைக் கொடுத்தால் ஒரு விவசாயி மகள் என்ன ஆவாள் என்பதற்கு இந்த நாவல் ஒரு எச்சரிக்கை, ஆகவே இது ஒழுக்கமான புத்தகம் என்று வாதாடினார். வாதி பிரதிவாதி இரண்டு பேரும் ஒரே வீட்டு ஆட்கள் மாதிரி! பெண் வாசித்தால் கெட்டுப்போவாள் என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. இந்தக் குறிப்பிட்ட புத்தகம் விஷமா மருந்தா என்பதில்தான் சண்டை. பிப்ரவரி 7-இல் நீதிமன்றம் புத்தகத்தைக் கண்டித்துவிட்டு, ஆட்களை விடுதலை செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே பினார் பொதலேர் மேல் வழக்கு நடத்தி, 300 ஃபிராங்க் அபராதமும் ஆறு கவிதைகளுக்குத் தடையும் வாங்கிக்கொடுத்தார்.

எதற்காக இந்தப் பதற்றம் என்பது சட்டப் புத்தகத்தைத் திறந்தால் தெரியும். பிரெஞ்சுப் புரட்சி 1792-இல் கொண்டுவந்த விவாகரத்தை 1816-இல் முடியாட்சி ரத்து செய்தது. 1884 வரை அது திரும்பி வரவில்லை. எம்மா வாழ்வது இந்தப் பூட்டிய கதவுக்குள். 1810 தண்டனைச் சட்டப்படி சோரம் போன மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. கணவனுக்கு? அவன் வைப்பாட்டியைக் குடும்ப வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து குடிவைத்தால் மட்டும் 100 முதல் 2000 ஃபிராங்க் வரை அபராதம். வெளியே வைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை. வீட்டுக்குள் கையும் களவுமாகப் பிடித்து மனைவியைக் கொன்றவனுக்குச் சட்டமே சலுகை காட்டியது. இதெல்லாம் முழுசாகப் போனது 1975-இல். துரோகம் என்கிற சொல்லை நாம் அந்தரங்கமான ஒன்றாக உச்சரிக்கிறோம். அங்கே அதற்கு ஒரு விலைப்பட்டியலே இருந்திருக்கிறது.

இனி, பினார் யாருக்காகப் பயந்தாரோ அந்த வாசகி. மரி-சோஃபி லெருவாயே த ஷாந்தெப்பி. மேற்குப் பிரான்சில் ஆஞ்சேர் நகரவாசி, 1800-இல் பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தானும் நாவல் எழுதியவர். பாவமன்னிப்புக் கேட்கப் போகவே நடுங்கும் அளவுக்கு மதபயம் பிடித்து ஆட்டிய கத்தோலிக்கர். கடைசிப் பகுதி வெளிவந்த அதே டிசம்பரில், முன்பின் தெரியாத ஃப்ளாபேருக்குக் கடிதம் எழுதுகிறார். நான் பிறந்து, முழு வாழ்நாளையும் கழித்த மாகாணம் இதுதான், இந்தச் சலிப்பு எனக்குத் தெரியும், இதை நீங்களே பட்டிருக்காவிட்டால் எழுதியிருக்க முடியாது என்கிற பொருளில். கெட்டுப்போகவில்லை பாருங்கள். அடையாளம் கண்டுகொண்டார், அவ்வளவுதான். 1857 மார்ச்சில் ஃப்ளாபேர் எழுதிய பதில் பிரசித்தம்: இதில் உண்மை எதுவும் கிடையாது, முழுக்கக் கற்பனை, என் உணர்ச்சிகள் எதையும் இதில் வைக்கவில்லை. ‘மதாம் பொவாரி நானேதான்’ என்று அவர் சொன்னதாக எல்லோரும் எடுத்துவிடும் வாக்கியம் அவருடைய எந்தக் கடிதத்திலும் இல்லை. அவர் செத்து இருபத்தொன்பது வருஷம் கழித்து, 1909-இல், கேள்விப்பட்டவரிடம் கேள்விப்பட்டதாக ஒரு ஆய்வாளர் அச்சில் ஏற்றியது அது. எழுதிக் கையெழுத்துப் போட்ட மறுப்பை விட்டுவிட்டு வதந்தியைப் பிடித்துக்கொள்கிறோம். ஏனென்றால், எம்மா யாரோ ஒரு கிராமத்துப் பெண் என்பதைவிட ஒரு மேதையின் ஆன்மா என்பது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது.

இருவரும் நேரில் சந்திக்கவேயில்லை. கடிதம் மட்டும் ஏறக்குறைய இருபது வருடம் தொடர்ந்தது. என்னைக் கேட்டால், அந்த நாவலுக்குக் கிடைத்த சிறந்த மதிப்புரை சேந்த்-பெவ் எழுதியது இல்லை, இதுதான்.

சேந்த்-பெவ் 1857 மே 4-இல் அரசாங்கப் பத்திரிகையான ‘மோனித்தே’ரில் எழுதினார். கத்தியைப் பிடிக்கும் கையால் பேனா பிடித்தவர் என்று ஃப்ளாபேரைப் புகழ்ந்தார். கூடவே ஒரு குறை: மனசுக்கு ஆறுதல் தர ஒரே ஒரு நல்ல ஆத்மாகூட இதில் இல்லையே! மாகாணத்தில் தனக்குத் தெரிந்த, குழந்தை இல்லாத ஒரு உத்தமப் பெண் ஊராருக்கு உதவி செய்து தன் சலிப்பை வென்றதை உதாரணமாகக் காட்டினார். பொதலேர் அக்டோபரில் எழுதியது நேர்மாறு. எம்மாவிடம் ஒரு ஆணின் வீரியம் இருக்கிறது என்று கொண்டாடினார். கொண்டாடுவதற்கும் அவளை ஆணாக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். பின்னால் வந்தவர்களில் ஜான் அமெரி என்னை அதிகம் பாதித்தவர். ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு மீண்டவர், 1978-இல், அதாவது தான் தற்கொலை செய்துகொண்ட வருடத்தில், ஷார்ல் பொவாரியின் பக்கம் நின்று ஒரு புத்தகம் எழுதினார். ஃப்ளாபேர் இந்த எளிய மனிதனுக்கு அநியாயம் செய்துவிட்டார் என்பது அவர் வாதம். எம்மாவுக்காக ஒருவர், எம்மாவுக்கு எதிராக ஒருவர், ஷார்லுக்காக ஒருவர். நீதிமன்றம் 1857-இல் கலைந்துவிட்டது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

செயல்பாட்டாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு வாசகி எலியனோர் மார்க்ஸ். மார்க்ஸின் கடைசி மகள். 1886-இல் ‘மதாம் பொவாரி’யை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது அவர்தான். எம்மா ஒரு பலசாலி. செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்று உணர்கிறவள். ஆனால் அவளுக்குச் செய்ய எதுவுமே இல்லை, அதனால் கனவு காண்கிறாள் என்கிற மாதிரி முன்னுரையில் எழுதினார். வேலையில்லாத பெண் என்று எம்மாவை வாசித்தது தொழிற்சங்கத்துக்குப் போகவிருந்த ஒரு மனசு. எரிவாயுத் தொழிலாளர் சங்கத்தில் பெண்கள் கிளையைக் கட்டியவர் அவர். சேர்ந்து வாழ்ந்த எட்வர்ட் அவெலிங் 1897-இல் ரகசியமாக வேறொரு பெண்ணை மணந்தான். 1898 மார்ச் 31-இல் எலியனோர் விஷம் குடித்து இறந்தார், வயது 43. உடனே எம்மாவின் விஷத்தையும் இவருடைய விஷத்தையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறார்கள். மொழிபெயர்த்தவள் கதாநாயகியாகவே ஆகிவிட்டாள் என்று. எனக்கு இந்தப் பேச்சு பிடிப்பதில்லை. நாவல் வாசித்த பெண் நாவலில் வருவது போலச் சாவாள் என்பது பினாரின் வாதம்தானே?

சரி, பெர்த்.

நான் இந்த நாவலை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு அந்தக் குழந்தை ஞாபகமேயில்லை. எம்மாவின் பக்கம் நின்று சூடாகப் பேசிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒரு நாள் திண்டுக்கல் பக்கம் ஒரு சிறு வாசிப்பு வட்டத்தில் கதையை வாயால் சொல்ல நேர்ந்தது. எம்மாவின் சாவு வரை சொல்லி நிறுத்திவிட்டு, திருமணம் என்னும் நிறுவனம் என்று ஆரம்பித்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மில் விடுதியில் மூன்று வருஷம் கிடந்து, கல்யாணத்துக்கென்று சொன்ன மொத்தப் பணத்துக்காகக் காத்திருந்தவர், குறுக்கே கேட்டார்: “அந்தப் பாப்பா என்னாச்சு தோழர்?”

வீட்டுக்கு வந்து மறுபடி எடுத்தேன். இருக்கிறாள், எல்லா இடத்திலும் இருக்கிறாள். பிறந்த உடனே தச்சர் வீட்டில் ஒரு செவிலியிடம் பால் குடிக்க விடப்படுகிறாள். அந்தச் செவிலியோ சோப்புக்கும் காபிக்கும் பிராந்திக்கும் எம்மாவிடம் கெஞ்சுகிறாள். பிறகு அம்மா எரிச்சலில் தள்ளிவிட, பீரோவின் பித்தளையில் மோதி குழந்தையின் கன்னம் கிழிகிறது. கடைசியில், தோட்டத்துப் பெஞ்சில் செத்து உட்கார்ந்திருக்கும் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட வருகிறாள். விளையாடுகிறார் என்று நினைத்து மெல்லத் தள்ளுகிறாள். அவர் விழுகிறார். எல்லாம் விற்றுத் தீர்ந்தபின் மிஞ்சியது 12 ஃபிராங்க் 75 சான்தீம். பாட்டி வீட்டுக்குப் போக வண்டிச் செலவு. பாட்டியும் அதே வருடம் போய்விடுகிறாள், தாத்தா பக்கவாதத்தில். ஒரு ஏழை அத்தை ஏற்றுக்கொண்டு, பிழைப்புக்காக அவளைப் பஞ்சாலைக்கு அனுப்புகிறாள். இந்த இடத்தில் ஃப்ளாபேர் இறந்தகாலத்தை விட்டு நிகழ்காலத்துக்கு மாறுகிறார். அனுப்பினாள் என்றில்லை, அனுப்புகிறாள். டிசம்பர் 15 இதழைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அந்தப் பெண் அன்றைக்கும் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வழக்கில் அவள் பெயரை யாருமே சொல்லவில்லை என்பதல்ல என் குற்றச்சாட்டு. கேள்வி அவளைப் பற்றியதாக இல்லை. ஒழுக்கத்துக்கு ஊறு நேர்ந்ததா என்று கேட்ட சபையில் பஞ்சாலை ஒரு பிரச்சனையாக எழ முடியாது. அது சட்டபூர்வமான விஷயம். ஆறுதலுக்கு ஒரு நல்ல ஆத்மா வேண்டும் என்று கேட்ட சேந்த்-பெவுக்கும், ஷார்லுக்காக வழக்காடிய அமெரிக்கும், எம்மாவுக்காகக் கத்திய எனக்கும் பெர்த் கதையின் பின்குறிப்பு. எலியனோர் ‘தொழிற்சாலை நரகம்’ பற்றி 1885-இல் அவெலிங்கோடு சேர்ந்து ஒரு பிரசுரம் எழுதியவர். அடுத்த வருஷம் அந்தப் பஞ்சாலை வாக்கியம் அவர் கை வழியாகத்தான் ஆங்கிலத்துக்குப் போனது. எழுதும்போது பேனா ஒரு நிமிஷம் நின்றிருக்கும் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசை. அது என் ஆசை மட்டும்தான்.

அடுத்த கூட்டத்தில் நான் அந்தத் தோழரிடம் சொன்னேன்: பஞ்சு மில்லுக்குப் போயிட்டா. அவர் ஆச்சரியப்படவில்லை. “எத்தனை மணி நேரம் ஷிப்ட்டு?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் தேடிப் பார்த்தேன். நெசவாலைத் தொழிலாளர்களின் நிலை பற்றி வில்லெர்மே என்ற மருத்துவர் 1840-இல் அறிக்கை கொடுக்கிறார். 1841 மார்ச் 22-இல் சட்டம் வருகிறது: எட்டு வயதுக்குக் கீழே வேலைக்கு எடுக்கக் கூடாது, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எட்டு மணி நேரம், பன்னிரண்டிலிருந்து பதினாறு வரை பன்னிரண்டு மணி நேரம். சோதித்துப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்தது 1874-இல். அதுவரை கௌரவப் பொறுப்பாக அந்தந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.