கோவை ஆலைகளும் மென்திசுக் கட்டிகளின் புரத அடையாளமும்

கோயம்புத்தூரின் மருத்துவ வரலாறு அதன் பஞ்சாலை வரலாற்றோடு பின்னிப் பிணைந்தது. 1910இல் லட்சுமி மில்லைத் தொடங்கிய ஜி. குப்புசாமி நாயுடுவின் பெயரால் 1952இல் ஒரு மருத்துவமனை எழுந்தது. ஆலைத்தொழிலில் வளர்ந்த குடும்பம் 1926இல் நிறுவிய பி.எஸ்.ஜி. அறக்கட்டளை 1985இல் மருத்துவக் கல்லூரி கண்டது. இடையே 1966இல் அரசு மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. இவை வளர்ந்த காலமும், தசை, கொழுப்பு, நரம்புறை, குருதிக்குழாய் ஆகியவற்றில் தோன்றும் மென்திசுக் கட்டிகளை இனங்காணும் முறை உலகெங்கும் மாறிய காலமும் ஒன்றே.

அதற்கு முன் நோயியல் வல்லுநருக்கு வடிவமே சான்று. பயாப்சித் துண்டை ஃபார்மலினில் பதப்படுத்தி, பாரபின் மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, ஹெமடாக்சிலின், இயோசின் என்னும் இரு சாயங்களை ஏற்றி நுண்ணோக்கியில் பார்ப்பர். முன்னது மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரத்திலிருந்து எடுக்கப்பட்டு ஐரோப்பாவில் துணிச்சாயமாகப் பயன்பட்டது என்பது நெசவுக்குப் பெயர்பெற்ற கொங்கு நாட்டார்க்கு அணுக்கமான செய்தி. ஆனால் ஆலையின் நூற்புக் கதிர்போல் இருமுனையும் கூம்பிய கட்டி உயிரணுக்கள், தசையில் பிறந்தாலும் நரம்புறையில் பிறந்தாலும், அச்சாயங்களில் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும்.

உயிரணு தன் வகைக்குரிய புரதங்களைச் சுமக்கிறது என்னும் உண்மையே வழி திறந்தது. குறிப்பிட்ட இலக்கை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தை 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் இணைத்தார். 1966இல் நகானேயும் பியர்ஸும் அச்சாயத்துக்குப் பதில் நொதியை இணைத்து, சாதாரண நுண்ணோக்கியிலேயே புரதம் உள்ள இடம் நிறங்கொண்டு தெரியச் செய்தனர். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உருவாக்கும் வழி கண்டனர். ஆய்வகங்களில் ஐ.எச்.சி. என்று வழங்கும் இம்முறையில் டெஸ்மின் தசையையும் எஸ்-100 நரம்புறையையும் சுட்டும். எஸ்-100 மெலனோமா என்னும் தோல் புற்றுநோயிலும் தென்படுவதால், ஒற்றைப் புரதத்தை நம்பி முடிவுரைப்பது ஆபத்தானது.

இம்முறையின் பெரும்பயன் இரைப்பை, குடல் சுவர்களில் தோன்றும் ஜிஸ்ட் கட்டியில் வெளிப்பட்டது. நெடுங்காலம் மென்தசைக் கட்டியென்றே கருதப்பட்ட அதில், சிடி117 என்றும் குறிக்கப்படும் கிட் புரதம் இருப்பதையும் அதன் மரபணு பிறழ்ந்திருப்பதையும் 1998இல் ஜப்பானில் ஹிரோட்டா குழுவினர் காட்டினர். கிட் தென்படாத சில ஜிஸ்ட் கட்டிகளை 2004இல் அறியப்பட்ட டாக்1 புரதம் இனங்காட்டியது. வழக்கமான வேதிமருந்துகளுக்கு இணங்காத இந்நோய்க்கு, கிட் புரதத்தை முடக்கும் இமாடினிப் 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பெயரறிந்த நோய்க்கு மருந்தும் கிடைத்தபின் எஞ்சியது விலை. அம்மருந்தின் ஒரு படிக வடிவுக்கு மருந்து நிறுவனமான நோவார்டிஸ் கோரிய காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. மறுப்புக்கு அடிப்படையான சட்டப்பிரிவை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை மறுப்பை உறுதிசெய்ததால், இந்திய நிறுவனங்கள் மிகக் குறைந்த விலையில் செய்த மாத்திரைகள் தொடர்ந்து கிடைத்தன.