ஓரியூர் செம்மண்ணு

எங்க வீட்டு மாடத்துல ஒரு பழைய பல்பொடி டப்பா இருக்கு. உள்ள பல்பொடி கிடையாது, ரத்தச் செவப்புல மண்ணு. அப்பத்தா வச்சிட்டுப் போனது. பிள்ளைக்கு ஜொரம்னா அதுல ஒரு சிட்டிகை தண்ணியில கலக்கிக் கொடுக்கும். மாடு தீனி எடுக்கலைன்னாலும் அதேதான். "ஓரியூர் மண்ணுடா, சும்மா நெனைக்காத"ன்னு சொல்லும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைன்னா சென்னையில இருக்கிற உங்களுக்கு மாமல்லபுரம்தான் ஞாபகத்துக்கு வரும். அதே ரோடு இங்க மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், எங்க ஜெகதாப்பட்டினம், மீமிசல்னு கடலை ஒட்டியே தெற்கே போகும். எஸ்.பி.பட்டினம் பக்கம் மேற்கால திரும்பினா ஓரியூர், பாம்பாற்றங்கரை. புதுக்கோட்டை மாவட்டம் முடிஞ்சு ராமநாதபுரம் மாவட்டம் ஆரம்பிச்சிடும். 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கதான் அருளானந்தரை வெட்டினாங்க. கணக்குப் பார்த்தா அது சாம்பல் புதன். அந்த வருசம் ஈஸ்டர் மார்ச் 22-லேயே வந்துடுச்சு.

அவரோட சொந்தப் பேரு ஜான் டி பிரிட்டோ. 1647-ல லிஸ்பன்ல பெரிய இடத்துல பிறந்தவர். போர்ச்சுகல் அரண்மனையில இளவரசர் பேதுருவோட சேர்ந்து வளர்ந்தார். சின்ன வயசுல நோவு வந்து பிழைக்க மாட்டார்னு ஆனப்ப, அவங்க அம்மா சவேரியாருக்கு நேர்ந்துக்கிட்டாங்களாம். பிழைச்சதும் ஒரு வருசம் பிள்ளைக்கு சேசு சபை அங்கி மாட்டி விட்டாங்க. நம்ம ஊரு அம்மாக்கள் மொட்டை நேர்ந்துக்கிற மாதிரிதான். 15 வயசுல நிஜமாவே அந்தச் சபையில போய்ச் சேர்ந்துட்டார். 1673-ல கப்பல் ஏறி கோவா வந்து, அங்கேருந்து மதுரை மிஷனுக்கு வந்தார்.

ராபர்ட் டி நொபிலி பிராமண சன்னியாசி மாதிரி வாழ்ந்தது பலருக்குத் தெரியும். ஆனா அப்படி வாழ்ந்தவங்க எளிய சாதிக்காரங்களோட புழங்க முடியாது. அதனால பண்டாரசாமின்னு இன்னொரு வகை வச்சாங்க. அருளானந்தர் அந்த வகை. காவித்துணி, மரக்கறிச் சோறு, தரையில படுக்கை. எங்க பக்கத்துக் குடியானவன் குடிசையில உட்கார்ந்து பேச வேற வழி இல்லை.

அப்ப ராமநாதபுரத்துல கிழவன் சேதுபதி ஆட்சி. சாதாரண ஆளு இல்ல அவர். போகலூர்ல இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாத்திக் கோட்டை கட்டினவர். எங்க புதுக்கோட்டைத் தொண்டைமானுக்கு மச்சான் முறை, சமஸ்தானம் உருவாக அவருதான் காரணம். அதனால அவரை வில்லனாக்கிக் கதை சொல்ல எனக்கு மனசு வராது. சுத்தியும் பாளையக்காரங்க. எவன் எப்ப காலை வாருவான்னு தெரியாத காலம். தன்னோட மறவர் தலைவர்கள் வேற ஒரு குருவோட பேச்சுக்குத் தலையாட்டினா ராஜாவுக்குப் பயம் வரத்தான் செய்யும்.

1686-லேயே ஒரு தடவை பிடிச்சுட்டாங்க. அருளானந்தரையும் கூட இருந்த உபதேசியார்களையும் சேர்த்துத்தான். கயித்துல கட்டிக் குளத்துல முக்கி முக்கி எடுத்தாங்க. வெயில்ல காஞ்ச கூரான பாறையில படுக்க வச்சு மிதிச்சாங்க. சிவன் பேரைச் சொல்லுன்னாங்க, ஒருத்தரும் சொல்லல. கடைசியில சேதுபதியே கூப்பிட்டுப் பேசிப் பார்த்து, இனிமே என் சீமையில போதிக்கக் கூடாதுன்னு சொல்லி விட்டுட்டார்.

அதோட முடிஞ்சிருக்கலாம். சபை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிச்சு. கூட வளர்ந்த பேதுரு இப்ப ராஜா. இங்கேயே இருந்து என் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுன்னு கேட்டார். கேட்காம 1690-ல மறுபடியும் கப்பல் ஏறிட்டார் மனுசன். எனக்கு இது எப்பவும் வியப்புதான். நாம சிங்கப்பூர்ல ஒரு நல்ல வேலை கிடைச்சா திரும்பி வருவோமா?

வந்ததும் தடியத்தேவர் விவகாரம். சிறுவல்லிப் பாளையத்து இளவரசர், சேதுபதி பட்டத்துக்கே உரிமை கோரக்கூடிய வம்சம். தீராத நோவுல கிடந்தவருக்கு ஒரு உபதேசியார் சுவிசேஷம் வாசிச்சு ஜெபம் பண்ணப்போய் குணமாயிடுச்சு. ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோட வாழணும், அது முடியுமான்னு சாமியார் கேட்டார். முடியும்னு சொல்லி, மூத்த மனைவியை மட்டும் வச்சுக்கிட்டு மத்தவங்களை விலக்கிட்டார். 1693 ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் அன்னிக்கு ஞானஸ்நானம். ரெண்டு நாள்ல சாமியாரைக் கைது பண்ணிட்டாங்க.

விலக்கப்பட்டவங்கள்ல இளையவர் சேதுபதிக்கு அண்ணன் மக முறை. நேரா போய் அழுதிருக்காங்க. கோயில் பிரசங்கத்துல அந்தம்மாவைக் கெட்டவங்களாத்தான் சொல்லுவாங்க. சின்ன வயசுல நானும் அப்படித்தான் நெனைச்சேன். பொண்ணுங்களைக் கட்டிக்கொடுத்த அப்புறம், அந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணுச்சுன்னு தோணுது. ஒருத்தர் விசுவாசத்துக்கு இன்னொருத்தரும் சேர்ந்துதான் விலை கொடுக்குறாங்க. அதை நம்ம ஆளுங்க வெளிப்படையா பேசுறதில்ல.

தடியத்தேவரைத் தொட சேதுபதிக்குத் துணிவு இல்ல. அவரு பக்கம் ஆள் இருந்துச்சு. ராமநாதபுரத்துல வச்சு சாமியாரைக் கொன்னா கலகம் வரும்னு பயந்து, நாடு கடத்துற மாதிரி காட்டி, தன் தம்பி உடையத்தேவர் இருந்த ஓரியூருக்கு அனுப்பிட்டார். முந்தின நாள் சிறையில இருந்து அருளானந்தர் தன் சபையாருக்கு ஒரு கடுதாசி எழுதினார். பேனா மை கிடையாது, கரியைக் குழைச்சுக் குச்சியால எழுதினது. தன் மேல உள்ள குற்றம் மறையைப் போதிச்சது ஒண்ணுதான், அதுக்காகச் சாகறதுல சந்தோசம்னு அதுல சொல்றார். மறுநாள் ஆத்தங்கரை மேட்டுல தலையை வெட்டி, உடம்பைக் கழுமரத்துல ஏத்திட்டாங்க. 1853-ல முக்திப்பேறு பெற்றவர், 1947 ஜூன் 22-ல புனிதர்.

அந்த ரத்தம் பட்டுத்தான் மண்ணு செவந்துச்சுங்கிறது எங்க பக்கத்து நம்பிக்கை. நான் மண்ணோட பொழங்குறவன். இரும்புச் சத்து உள்ள மண்ணு செவப்பாத்தான் இருக்கும், அது தெரியும். தெரிஞ்சும் டப்பாவை எடுத்துத் தூரப் போட என்னால முடியல.

ஆனா இத்தனைக்கும் பிறகு எனக்குப் பெருசாத் தெரியறது வேற. 1773-ல போப்பாண்டவரே சேசு சபையைக் கலைச்சுட்டார். ராஜா அடிச்சாத் தாங்கலாம், சொந்த வீட்டுக்காரனே கதவைச் சாத்தினா? மறுபடி அந்தச் சபைக்காரங்க, இந்தத் தடவை பிரெஞ்சுக்காரங்க, மதுரைப் பக்கம் வந்தது 1838-ல. நடுவுல அறுபத்தஞ்சு வருசம். கோவாவுல இருந்து வந்த சில குருமார்தான் இத்தனை சீமைக்கும். ஒரு ஊருக்குப் பூசைக்குச் சாமியார் வர்றது எப்பவோ ஒரு தடவை. அந்த இடைவெளியில பாளையக்காரர் போர், பஞ்சம், கும்பினி ஆட்சி எல்லாம் வந்து போச்சு. பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது, மந்திரம் சொல்லிக் கொடுத்தது, சாவு வீட்டுல ஜெபம் சொன்னது எல்லாம் உபதேசியாரும் ஊர்ப் பெரியவங்களும்தான். அவங்களுக்குப் படமும் இல்ல, திருநாளும் இல்ல. பிரெஞ்சுச் சாமியார்கள் வந்தப்ப, கோவா சாமியாரா பிரெஞ்சு சாமியாரான்னு ஊரு ரெண்டுபட்டுச் சண்டை போட்டது தனிக்கதை. சண்டை போடுற அளவுக்கு ஆளுங்க மிச்சம் இருந்தாங்க பாருங்க.

இப்ப ஓரியூருக்குப் போனா வேதக்காரங்களை மட்டும் பார்க்க முடியாது. கோயிலுக்கு ஆடு கொண்டு வர்றவங்க, மொட்டை போடுறவங்க, பிள்ளை பிறந்ததுக்குத் தென்னங்கன்னு காணிக்கை வைக்கிறவங்கன்னு இந்துக்களும் நிறைய. வெட்டச் சொன்ன சேதுபதியோட ஆளுங்க வழி வந்த மறவர் வீட்டுக்காரங்களுக்கும் அவரு சாமிதான்.

டப்பாவுல மண்ணு அடியில போயிடுச்சு. தாளடி அறுப்பு முடியட்டும், போய் அள்ளிட்டு வரணும்.