இசைக்கூற்றாராய்ச்சி
ஒரு பாடலையோ பியானோ உருப்படியையோ ஸ்வரம், தாளம், நடை முதலிய அங்கங்களாகப் பகுத்து, அவை கூடி ரஸம் பிறப்பிக்கும் விதத்தை நுணுகிக் காண்பதே இசைக்கூற்றாராய்ச்சி எனப்படும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர் வீரட்டத்தின்மீது சம்பந்தர் அருளிய, இரண்டாம் திருமுறையின் 100ஆம் பதிகம் இதற்கு உத்தமமான உதாரணம். அதன் பண்ணாகிய நட்டராகம் இன்று பந்துவராளியாகப் பாடப்பெறுகின்றது. ஸட்ஜத்தை ஒரு கட்டைச் சுருதியில் (C) நிறுத்திப் பியானோவில் வாசித்தால், ஸ, க, ப, நி நான்கும் வெள்ளைக் கட்டைகளிலும், ரி, ம, த மூன்றும் கறுப்புக் கட்டைகளிலும் அமைய, சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே மூன்று அரைஸ்வர அளவு இடைவெளி விரிகின்றது. அதுவே தைவத நிஷாதங்களுக்கிடையிலும் மீண்டும் வருவதுதான், இப்பண்ணின் உருக்கத்துக்குத் தலையாய காரணம் என்று கொள்ளலாம். ஆயினும், தந்தியைச் சுத்தி தாக்கியபின் சுருதியை அசைக்கவியலாத அவ்வாத்தியத்தில், ஓதுவாரின் கமகம் அகப்படுவதில்லை.