ஒரு காரின் விலை இறங்கி ஏறிய கதை: பி.எம்.டபிள்யூ 850

கணக்கியல் பாடத்தில் தேய்மானத்துக்கு உதாரணம் தேடினால் முதலில் வந்து நிற்பது மோட்டார் வண்டிதான். ஆண்டுதோறும் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சிய மதிப்பு என்று ஒரு சிறு தொகை நிற்கும். ஆனால் சில கார்கள் அந்தச் சிறு தொகையைத் தொட்டுவிட்டு மறுபடியும் மேலே ஏறத் தொடங்கும். அப்படி ஏறிய ஒரு ஜெர்மன் காரின் கதை இது.

1989 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் 850ஐ என்ற காரை அறிமுகப்படுத்தியது. இரண்டே கதவுகள் கொண்ட சொகுசு கார். இந்த வகைக்குக் கூபே என்று பெயர். 12 சிலிண்டர், 5 லிட்டர் எஞ்சின், 300 குதிரைத்திறன். வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டாதபடி நிறுவனமே கட்டுப்படுத்தி வைத்திருந்தது. இதை உருவாக்க ஏறக்குறைய 150 கோடி மார்க் செலவானதாகச் சொல்வார்கள். விலை சுமார் 1,35,000 மார்க். பின்னாளைய யூரோ கணக்கில் ஏறத்தாழ 69,000.

அறிமுகமான நேரம்தான் சரியில்லை. 1990ல் ஜப்பானின் பங்குச் சந்தை சரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைய, பெட்ரோல் விலை எகிறியது. தொடர்ந்து மேலை நாடுகளில் பொருளாதார மந்தம். 12 சிலிண்டர் காருக்கு அது ஏற்ற காலமா என்ன? 1993ல் 8 சிலிண்டர் எஞ்சினுடன் 840 என்ற மலிவான மாடலையும் கொண்டுவந்து பார்த்தார்கள். 1999ல் உற்பத்தி நின்றபோது மொத்தம் 30,621 கார்களே தயாராகியிருந்தன. இதற்கு முன்பு வந்த 6 சீரிஸ் கூபே 86,000க்கும் மேல் தயாரானது என்பதோடு ஒப்பிட்டால் நிலைமை புரியும்.

பழைய கார் சந்தையில் நிலைமை இன்னும் மோசம். 2000களில் ஐரோப்பாவில் ஒரு புதிய சிறு காரின் விலைக்கே 850 கிடைத்தது. காரணம் எளிது. விலை குறைந்தாலும் பராமரிப்புச் செலவு குறையவில்லை. இந்த எஞ்சின் ஏறக்குறைய இரண்டு ஆறு சிலிண்டர் எஞ்சின்களைச் சேர்த்து வைத்தது போன்றது. எஞ்சினை இயக்கும் கணினிப் பெட்டி இரண்டு, எரிபொருள் பம்ப் இரண்டு. பழுதானால் செலவும் இரண்டு மடங்கு!

பிறகு விலை ஏறியது எப்படி? 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வங்கி வட்டி மிகவும் குறைந்தது. பணம் வைத்திருந்தவர்கள் ஓவியம், கைக்கடிகாரம், பழைய கார் என்று தேடிப் போனார்கள். சிறு வயதில் இந்தக் காரைப் படத்தில் பார்த்து ஏங்கியவர்கள் அப்போது நாற்பதைத் தாண்டி, கையில் காசோடு இருந்தார்கள். சட்டமும் உதவியது. அமெரிக்காவில் 25 ஆண்டு நிறைந்த கார்களுக்கு இறக்குமதியில் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஜெர்மனியில் 30 ஆண்டு நிறைந்து நல்ல நிலையில் உள்ள கார், எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் ஆண்டுக்குச் சுமார் 192 யூரோ வரி கட்டினால் போதும்.

ஆனால் எல்லா 850க்கும் ஒரே மாதிரி விலை ஏறவில்லை. 1992ல் வந்த 850சிஎஸ்ஐ மாடலில் 5.6 லிட்டர் எஞ்சின், 380 குதிரைத்திறன், கையால் மாற்றும் ஆறு கியர். தயாரானவை 1,510 மட்டுமே. இவற்றில் நல்லவை ஏலங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டின. சாதாரண 850ஐ, 850சிஐ மாடல்களோ 20,000க்கும் மேல் தயாரானவை. அவற்றின் விலையும் ஏறியது, ஆனால் அந்த உயரத்துக்கு அல்ல. அரிதானதைத்தான் சேகரிப்பவர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள்.

அப்படியானால் சாதாரண மாடல் நல்ல முதலீடா? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 20,000 யூரோவுக்கு வாங்கி 15 ஆண்டு கழித்து 60,000க்கு விற்கிறார். மூன்று மடங்கு! ஆண்டுக்கு 7.6 சதவீத வளர்ச்சி. ஆனால் பழுது, காப்பீடு, நிறுத்துமிடம் என்று ஆண்டுக்கு 2,000 செலவானால்? 15 ஆண்டில் 30,000. ஆக 50,000 போட்டு 60,000 எடுத்திருக்கிறார். இதே தொகைகளை அந்தந்த ஆண்டில் 3 சதவீதக் கூட்டு வட்டியில் போட்டிருந்தாலே 68,000க்கு மேல் கிடைத்திருக்கும். மூன்று மடங்கு என்று தெரிந்த லாபம் உண்மையில் சேமிப்புக் கணக்கிடமே தோற்றுவிடுகிறது.

2022க்குப் பின் வட்டி ஏறியதும் பழைய கார் சந்தையின் சூடும் தணிந்தது. இனி விலை ஏறினாலும், அரிய மாடலாகவும் அசல் பாகங்களோடும் முழுமையான சர்வீஸ் பதிவுகளோடும் இருக்கும் கார்களுக்கே ஏற வாய்ப்பு அதிகம். மற்றவற்றை ஓட்டி மகிழ விரும்புபவர்கள் வாங்கலாம். அந்த மகிழ்ச்சிக்குத் தரும் விலையாகச் செலவை எழுதிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. முதலீடு என்ற தலைப்பில் எழுதினால்தான் கணக்கு இடிக்கும்.