கம்யூன் வளர்த்த பிள்ளை

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட கடலூர்ச் சிறுவன் ஒருவனின் கதைகளை, பட்டம் பெற்ற நாம் கல்லூரிகளில் பாடமாக நடத்துகிறோம்! 1934இல் பிறந்த ஜெயகாந்தன், 1946இல் சென்னைக்கு வந்து கம்யூனிஸ்ட் கட்சியின் கம்யூனில் தங்கினார். ஜனசக்தி அச்சகத்தில் வேலை பழகினார். தெருவில் பத்திரிகை விற்றார். ஜீவா முதலிய தோழர்களின் பேச்சே அவருக்கு வகுப்பறையாயிற்று. ஆயினும், பெரியவர்களின் விவாதங்களுக்கு நடுவே ஒரு சிறுவனுக்கும் இடம் கிடைத்ததே அதனினும் பெரிது என்று நாம் கருதுகிறோம். வீட்டிலேகூட அது எளிதில் வாய்ப்பதில்லை அல்லவா? 1940களின் இறுதியில் கட்சி தடைக்குள்ளானது, அவ்வாழ்வு கலைந்தது. அவர் தஞ்சையில் காலணிக் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். பிற்காலத்தில் கட்சியைவிட்டு விலகிக் காமராசரின் காங்கிரசை ஆதரித்தார். ஆனால் 'ஓர் இலக்கியவாதியின் அரசியல் அனுபவங்கள்' எழுத அமர்ந்தபோதும், தம்மை வளர்த்த கம்யூனை அவர் மறக்கவில்லை.