அரங்கத் தெருவில் ஒரு சூதாட்ட மாளிகை?

நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில், இரவைப் பகலாக்கும் விளம்பர விளக்குகளின் நடுவே, ஒரு கத்தோலிக்கக் குருவின் சிலை நிற்கின்றது. பின்னே கற்சிலுவை உயர்ந்திருக்க, போர்க்களச் சீருடையில் நிற்கும் அவர் அருட்தந்தை பிரான்சிஸ் டஃபி. முதல் உலகப் போரில் 69ஆம் படைப்பிரிவின் ஆன்மகுருவாகப் பிரான்சு நாட்டில் பணியாற்றியவர். பின்னர் 42ஆம் தெருவின் திருச்சிலுவை ஆலயத்தில் பங்குத்தந்தையாக இருந்து 1932இல் மறைந்தவர். 1937இல் நிறுவப்பட்ட அச்சிலைக்குச் சற்றுத் தெற்கே, 1515 பிராட்வே என்னும் முகவரியில், 54 மாடிக் கட்டடம் ஒன்று உள்ளது. அதனுள் சூதாட்ட மாளிகை அமையலாமா என்பதே 2022 முதல் 2025 வரை அந்நகரத்தார் நடத்திய பெரும் விவாதம்.

இதனை அறத்துக்கும் மறத்துக்கும் நடந்த போர் என்று சொல்லிவிட நமக்கும் ஆசைதான். ஆனால் அந்தத் தெருவின் வரலாறு நம்மைச் சற்று நிதானிக்கச் செய்கின்றது.

1904 வரை அச்சதுக்கம் லாங்ஏக்கர் எனப்பட்டது. குதிரை வண்டித் தொழில் நடந்த இடம். அவ்வாண்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் அங்கே குடியேறியது. சுரங்க இரயிலும் வந்தது. சுற்றிலும் நாடக அரங்குகள் பெருகின. அவற்றின் நிழலிலே சூதும் வளர்ந்தது. 45ஆம் தெருவில் கள்ளத்தனமாகச் சூதாட்ட விடுதி நடத்திய ஹெர்மன் ரோசந்தால் என்பவர், காவல் அதிகாரி சார்லஸ் பெக்கர் தம் தொழிலில் மறைமுகப் பங்காளி என்று 1912இல் நாளிதழ் வழியே வெளிப்படுத்தினார். சில நாள்களுக்குள், ஜூலை 16 அதிகாலையில், 43ஆம் தெருவின் மெட்ரோபோல் ஓட்டல் வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையைத் தூண்டியதாகத் தீர்ப்புப் பெற்ற பெக்கர் 1915இல் மின்நாற்காலியில் உயிர் துறந்தார். அவர் உண்மையில் குற்றவாளிதானா என ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆயினும் சூதின் பணம் காவலரின் கைகளுக்குச் சென்றது என்பதில் ஐயமில்லை.

மறைவில் நடப்பதைச் சட்டத்தின் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தால் ஊழல் ஒழியும் என்போர்க்கு இக்கதை துணை நிற்கும். ஆனால் சட்டம் கடந்து வந்த பாதையையும் நாம் காண வேண்டும். நியூயார்க் மாநிலத்தின் 1894ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் சூதாட்டம் அனைத்தையும் தடை செய்தது. பின்னர் அந்தச் சுவரில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1939இல் குதிரைப் பந்தயம்; 1957இல் அறப்பணிக்கான பிங்கோ; 1966இல் கல்வியின் பெயரால் அரசுப் பரிசுச்சீட்டு; 2013இல் காசினோ. இக்கடைசிக் கதவுக்காக மக்களின் வாக்கைக் கேட்டபோது, வேலைவாய்ப்பு, பள்ளிகளுக்கு உதவி, சொத்துவரிக் குறைப்பு ஆகியவற்றை வாக்குச்சீட்டிலேயே காரணமாக அச்சிட்டிருந்தனர்.

இரண்டாம் கதவின் அருகே நம்மவரும் நின்றனர் என்பதை மறைத்தல் நேர்மையாகாது. பங்கு மண்டபங்களில் எண்களைக் கூவி ஆடிய பிங்கோவின் வருவாய், அமெரிக்காவின் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றுக்குக் கைகொடுத்தது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இத்தகைய ஆட்டத்தை அதன் இயல்பிலேயே அநீதி என்று தள்ளவில்லை. ஒருவர் தமக்கும் தம்மைச் சார்ந்தோருக்கும் தேவையானதை அதனால் இழக்கும்போது அது ஏற்கத் தகாததாகின்றது என்றும், அவ்வேட்கை மனிதரை அடிமையாக்கக் கூடும் என்றும் அது உரைக்கின்றது. எனவே, நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த மாளிகை யாருடைய தேவையை நிறைக்கும்? யாருடைய தேவையைப் பறிக்கும்?

1515 பிராட்வேயின் வரலாறு இங்கே ஒரு சான்றாகின்றது. அவ்விடத்தில் 1904 முதல் ஆஸ்டர் ஓட்டல் இருந்தது. 1967இல் அது இடிக்கப்பட்டது. அலுவலகக் கோபுரங்கள் அரங்குகளை விழுங்கிவிடும் என்று அஞ்சிய நகராட்சி, அதே ஆண்டில் ஒரு விதி வகுத்தது: புதிய கட்டடத்தில் நாடக அரங்கு ஒன்றைச் சேர்ப்பவர், வழக்கமான அளவுக்கு மேலும் தளப் பரப்பு எழுப்பிக்கொள்ளலாம். அச்சலுகையால் எழுந்ததே இக்கோபுரம். அதற்கு ஈடாக 1973இல் மின்ஸ்காஃப் அரங்கு அங்கே திறக்கப்பட்டது. 2006 முதல் ‘சிங்க அரசன்’ நாடகம் அதில் நடைபெற்று வருகின்றது. நாடகத்துக்கு இடம் தருவதாக உறுதியளித்து உயர்ந்த கட்டடமே பிற்காலத்தில் சூதுக்கு இடம் கேட்டு நின்றது.

அடுத்த தெருவிலும் ஒரு பாடம் உண்டு. 1982இல் பெரிய ஓட்டல் ஒன்றுக்காக ஐந்து பழைய அரங்குகள் இடிக்கப்பட்டன. நடிகர்கள் தெருவில் அமர்ந்து மறியல் செய்து கைதாகியும் மொரோஸ்கோ, ஹெலன் ஹேய்ஸ் ஆகிய அரங்குகள் தப்பவில்லை. அந்த இழப்புக்குப் பின்னரே எஞ்சிய அரங்குகள் பலவற்றை நகரம் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது.

இப்பின்னணியில்தான் கட்டட உரிமையாளரான எஸ்.எல். கிரீன் நிறுவனம், சீசர்ஸ் சூதாட்ட நிறுவனத்தோடும், பாடகர் ஜே-சீயின் ராக் நேஷன் நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து, 540 கோடி டாலர் மதிப்பிலான திட்டத்தை முன்வைத்தது. அரங்கு உரிமையாளர்களும் தயாரிப்பாளர்களும் அடங்கிய பிராட்வே லீக் அதனை எதிர்த்தது. நடிகர் சங்கமோ ஆதரித்தது! இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பெருந்தொற்றினால் 2020 மார்ச் முதல் ஒன்றரை ஆண்டுக் காலம் அரங்குகள் மூடிக்கிடந்தன. மேடையை நம்பியவர்க்கு அன்று கூலியில்லை. நாடகம் நின்றால் நடிகரின் வருவாயும் நிற்கும். கூட்டம் வரட்டும், எதனால் வந்தாலும் வரட்டும் என்று அவர்கள் எண்ணியதைப் பேராசை என்று எப்படிச் சொல்வது?

எதிர்த்தோர் சொன்னதும் பிழைப்பின் கணக்கே. நாடகத்துக்குத் திரை உயரும் நேரமும் விழும் நேரமும் உண்டு. அந்த இரு மணிகளுக்கு ஏற்பவே சுற்றியுள்ள உணவகங்களின் அடுப்புகள் எரிகின்றன. 49ஆம் தெருவின் புனித மலாக்கி ஆலயமும் நாடகக் கலைஞரின் வேலை நேரத்தை எண்ணி, விடியுமுன் திருப்பலி வைத்த காலம் உண்டு. நாடகம் முடிந்தால் மக்கள் தெருவுக்கு வருவர். சூதாட்டக் கூடமோ வந்தவரை உள்ளேயே இருத்திவைப்பதில் வாழ்கின்றது. அவர் எழுந்து போகும் நேரம் அதற்கு இழப்பு நேரம். நாடக ரசிகர் நுழைவுச்சீட்டின் விலைக்கு மேல் எதையும் இழப்பதில்லை. பகடையின் முன் அமர்ந்தவர்க்கு அத்தகைய எல்லை இல்லை.

2025 செப்டம்பர் 17 அன்று, அறுவர் கொண்ட உள்ளூர் ஆலோசனைக் குழு வாக்களித்தது. நால்வர் எதிர்ப்பு, இருவர் ஆதரவு. அத்தோடு திட்டம் வீழ்ந்தது. அரங்கத்தார் மகிழ்ந்தனர்.

கதை அங்கே முடியவில்லை. மாநகருக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் ஒதுக்கப்பட்ட மூன்று உரிமங்களும் அதே டிசம்பரில் வழங்கப்பட்டன: இரண்டு குவீன்சில், ஒன்று பிராங்க்சில். அப்பகுதிக் குழுக்கள் இசைவு தந்தன என்பது உண்மையே. எனினும் பிராங்க்ஸ் நெடுங்காலமாக வறுமையோடு போராடி வரும் பகுதி. புகழ்பெற்ற மேடைகள் உள்ள தெரு தன்னைக் காத்துக்கொண்டது; சூதோ நகரை விட்டு நீங்கவில்லை, இடம் மாறியது.

நம் வாசலில் வேண்டாம் என்று ஒன்றைத் தடுத்து வெல்லும்போது, அது எவர் வாசலுக்குப் போகின்றது என்று நாம் பார்ப்பதுண்டா? வறியவரின் கைப்பொருளைக் கொண்டு பள்ளியையோ, அரசின் கருவூலத்தையோ நிரப்பும் வழி, எந்தத் தெருவில் இருந்தாலும் நம் அக்கறைக்கு உரியதன்றோ? அருட்தந்தை டஃபியின் சிலை நிற்கும் சதுக்கம் தப்பித்தது குறித்து நாமும் மகிழலாம். அவர் படைவீரரோடு பதுங்குகுழி வரை சென்றவர் என்பதையும் உடன் நினைவிற் கொள்வோம்.